சட்டத்தின் நாட்காட்டி: மக்கள் பிரதிநிதிகளின் தகுதியிழப்பும் இரட்டை அளவுகோலும்

அரசியல்வாதிக்கு ஒரு சட்டம், சாமானியனுக்கு ஒரு சட்டம் என்ற மனக்குறை இந்தியாவில் பொதுவாகக் காவல்துறையையும் நீதிமன்றங்களையும் நோக்கியே சொல்லப்படுகிறது. ஆனால் சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால், மோசடி, கலவரம், அவதூறு போன்ற குற்றங்களுக்கு அமைச்சருக்கென்று தனி வரையறையோ சட்டமன்ற உறுப்பினருக்கென்று குறைந்த தண்டனையோ எழுதப்படவில்லை என்பது தெரியவரும். வேற்றுமையின் பெரும்பகுதி காலத்தைப் பற்றிய விதிகளில்தான் குடிகொண்டிருக்கிறது: ஒரு தீர்ப்பின் விளைவு எந்த நாளில் தொடங்கும், ஓர் அறிவிப்பு எத்தனை நாளில் வெளிவரும், ஒரு திருத்தம் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பனவே அவை. தன்னைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைத் தானே இயற்றும் உரிமை பெற்ற ஒரு வகுப்பார், குற்றத்தைத் தொடாமல் தேதியை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளும்போது அது எளிதில் எவர் கண்ணிலும் படுவதில்லை.

இதற்கு முதற்சான்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. ஏதேனும் ஒரு குற்றத்துக்காக இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர், தீர்ப்பு நாள் முதல் தகுதியிழக்கிறார் என்றும், விடுதலையான பின்னரும் ஆறு ஆண்டுகள் தேர்தலில் நிற்க முடியாது என்றும் அப்பிரிவின் மூன்றாம் உட்பிரிவு கூறுகிறது. 2013 வரை நடைமுறையில் இருந்த நான்காம் உட்பிரிவோ, தீர்ப்பு நாளில் ஒருவர் நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ உறுப்பினராக இருந்தால், அவருக்கு மட்டும் தகுதியிழப்பு மூன்று மாதத்துக்குப் பின்னரே தொடங்கும் என்றும், அதற்குள் அவர் மேல்முறையீடு செய்துவிட்டால் அந்த மேல்முறையீடு முடியும்வரை தொடங்கவே தொடங்காது என்றும் விதிவிலக்கு அளித்தது. மேல்முறையீடுகள் பத்தாண்டுக்கும் மேல் கிடப்பில் கிடப்பது வழக்கமான நீதியமைப்பில், மூன்று மாதம் என்று தொடங்கிய சலுகை நடைமுறையில் பதவிக்காலம் முழுவதற்குமான காப்பாக மாறியது. ஒரே வழக்கில் ஒரே தண்டனை பெற்ற இருவரில், ஒருவர் அடுத்த தேர்தலுக்கு மனுத் தாக்கல் செய்யவும் முடியாது. உறுப்பினராக இருந்த மற்றவர் அவையில் அமர்ந்து சட்டம் இயற்றலாம் என்பதே அப்போதைய நிலை.

அதே அரசிடம் சம்பளம் வாங்கும் ஓர் எழுத்தருக்கு விதிக்கப்பட்ட நாட்காட்டியை இதனருகில் வைத்துப் பார்ப்பது அவசியம். மத்திய அரசுப் பணியாளர் ஒழுங்குமுறை விதிகளின்படி, குற்ற வழக்கில் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் வைக்கப்பட்ட ஊழியர், தனி உத்தரவுக்குக் காத்திராமல், காவலில் எடுக்கப்பட்ட நாளிலிருந்தே பணியிடை நீக்கம் செய்யப்பட்டவராகக் கருதப்படுவார். குற்றவாளி என்று தீர்ப்பானால், அரசியலமைப்பின் 311ஆம் உறுப்பின் காப்புவிதிப்படி, துறை விசாரணை இன்றியே அவரைப் பணிநீக்கம் செய்யலாம். தமிழ்நாட்டின் கல்லூரிக் கல்வித் துறை ஊழியர் ஒருவர் தொடர்பான வழக்கில் 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஊழியர் ஜாமீனில் வெளியே இருந்தாலும், மேல்முறையீட்டின் முடிவுக்காக நிர்வாகம் காத்திருக்கத் தேவையில்லை. மேல்முறையீட்டில் அவர் விடுதலையானால் அப்போது உத்தரவைத் திருத்திக்கொள்ளலாம் என்பதே நீதிமன்றத்தின் நிலை. எழுத்தரிடம் தவறாகப் பறிக்கப்பட்ட வேலையைப் பின்னர் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று கருதிய ஆட்சியமைப்பு, உறுப்பினரிடமிருந்து தவறாகவேனும் பறித்துவிடக் கூடாது என்று அறுபதாண்டு காலம் அஞ்சியது.

இந்தச் சலுகைக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் பிரபாகரன் எதிர் ஜெயராஜன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, இவ்விதி தனிமனிதருக்கான சலுகை அன்று, அவைக்கான பாதுகாப்பு என்று விளக்கியது. மிகக் குறுகிய பெரும்பான்மையில் ஓர் அரசு நடக்கும்போது, பின்னர் தவறென்று ரத்தாகக்கூடிய ஒரு தீர்ப்பினால் ஓர் உறுப்பினர் விலக நேர்ந்தால் ஆட்சியே கவிழலாம் என்பதும், இடைத்தேர்தல் நடந்து முடிந்தபின் அவர் விடுதலையானால் இழப்பை ஈடுசெய்ய வழியில்லை என்பதும் அதன் சாரம். அந்தக் கவலை உண்மையானது என்பதை உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் பிற்காலத்தில் காட்டியது. அது கீழே வருகிறது. ஆயினும் அவையைக் காப்பதற்கென்று சொல்லப்பட்ட விதி, குறுகிய பெரும்பான்மை உள்ள அவைக்கும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை உள்ள அவைக்கும் ஒன்றாகவே பொருந்தியது. ஆளுங்கட்சியின் தூணாக இருந்தவருக்கும் தனித்து அமர்ந்த சுயேச்சைக்கும் அதே காப்பைத் தந்தது. சொல்லப்பட்ட நோக்கத்துக்கும் விதியின் வீச்சுக்கும் இடையில் இருந்த இந்தத் தொலைவைச் சட்டமியற்றியவர்கள் ஒருபோதும் குறைக்க முன்வரவில்லை.

வழக்கறிஞர் லில்லி தாமஸும் லோக் பிரஹரி என்ற அமைப்பும் தொடுத்த வழக்குகளில், 2013 ஜூலை 10 அன்று நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக், எஸ்.ஜே. முகோபாத்யாய ஆகியோர் நான்காம் உட்பிரிவைச் செல்லாததாக்கினர். சமத்துவம் பற்றிய பெரிய விவாதத்துக்குள் போகாமல், அரசியலமைப்பின் வாசகத்தையே அவர்கள் ஆதாரமாகக் கொண்டனர். உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படுவதற்கான தகுதியின்மையையும் உறுப்பினராக நீடிப்பதற்கான தகுதியின்மையையும் 102ஆம், 191ஆம் உறுப்புகள் ஒரே தொடரில் சேர்த்தே பேசுகின்றன. ஆகவே இரண்டுக்கும் ஒரே சட்டம்தான் இயற்ற முடியும். தகுதியிழந்தவரின் இடம் அப்போதே காலியாகிறது என்று 101ஆம், 190ஆம் உறுப்புகள் சொல்வதால், அதைத் தள்ளிப்போடும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு வழங்கப்படவே இல்லை. தவறாகத் தண்டிக்கப்பட்ட உறுப்பினருக்கு வழி இருக்கிறது என்பதையும் அத்தீர்ப்பு சுட்டியது: குற்றத் தீர்ப்பையே நிறுத்திவைக்குமாறு மேல்முறையீட்டு நீதிமன்றத்தைக் கேட்கலாம். தண்டனையை நிறுத்திவைப்பதும் குற்றத் தீர்ப்பை நிறுத்திவைப்பதும் வேறு வேறு. முன்னது சிறைக்குப் போவதை மட்டும் ஒத்திப்போடும், பின்னது தகுதியிழப்பையும் தடுக்கும். நான்காம் உட்பிரிவு உயிரோடு இருந்த காலத்திலேயே இந்த நேர்வழியில் சென்றவர் ஒருவர் உண்டு. 2006 டிசம்பரில் தண்டிக்கப்பட்ட நவ்ஜோத் சிங் சித்து, மேல்முறையீட்டுக் காப்பு இருந்தும் மக்களவை உறுப்பினர் பதவியை விட்டு விலகி, உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புக்குத் தடை பெற்று, 2007 இடைத்தேர்தலில் அமிர்தசரஸில் மீண்டும் நின்று வென்றார்.

தீர்ப்புக்கு நாடாளுமன்றம் அளித்த மறுமொழி, இந்திய அரசியலின் நேர்மையை அளக்க நல்லதோர் அளவுகோல். அதே ஜூலை 10 அன்று வெளியான மற்றொரு தீர்ப்பு, சிறையில் இருப்பவருக்கு வாக்களிக்கும் உரிமை இல்லாததால் அவர் வேட்பாளராகவும் நிற்க முடியாது என்று கூறியிருந்தது. விசாரணைக் கைதியாகச் சிறையில் இருக்கும் கூலித் தொழிலாளி வாக்களிக்க முடியாது என்ற விதியை எவரும் தொடவில்லை. அவர் அருகிலேயே அடைக்கப்பட்டிருக்கும் அரசியல்வாதி வேட்பாளராக நிற்கலாம் என்பதை மட்டும் உறுதி செய்யும் திருத்தம், பெரிய எதிர்ப்பு ஏதுமின்றி இரு அவைகளிலும் நிறைவேறி, ஜூலை 10 முதலே செல்லும் வகையில் முன்தேதியிடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மசோதாக்களைக் கண்டு பழகிய நாட்டில் இது இரண்டே மாதத்தில் முடிந்த வேலை. அந்த 2013ஆம் ஆண்டிலேயே, ஆறு தேசியக் கட்சிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட பொது அமைப்புகள் என்று மத்தியத் தகவல் ஆணையம் ஜூன் 3 அன்று ஆணையிட்டபோது, ஆகஸ்டிலேயே கட்சிகளை விலக்கும் மசோதா மக்களவைக்கு வந்துவிட்டது. அது காலாவதியானபோதும் கட்சிகள் ஆணைக்குக் கீழ்ப்படியவில்லை. தன் ஆணை இறுதியானது, ஆனால் அதை நிறைவேற்றும் அதிகாரம் தன்னிடம் இல்லை என்று 2015இல் ஆணையமே எழுத நேர்ந்தது.

நான்காம் உட்பிரிவுக்கு மாற்றாக ஒரு மசோதா 2013 ஆகஸ்ட் 30 அன்று மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டது. அது நிலைக்குழுவுக்குப் போய்விட்டதால், செப்டம்பர் 24 அன்று மன்மோகன் சிங் தலைமையிலான அமைச்சரவை அவசரச் சட்டத்துக்கே ஒப்புதல் அளித்தது. அவசரத்தின் காரணத்தை விளங்கிக்கொள்ள அந்த வாரத்தின் நீதிமன்றப் பட்டியலைப் பார்த்தால் போதும். காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர் ரஷீத் மசூத் ஐந்து நாட்களுக்கு முன்புதான் குற்றவாளி என்று தீர்ப்பாகி, தண்டனை அறிவிப்புக்குக் காத்திருந்தார். அன்றைய அரசுக்கு ஆதரவளித்துவந்த லாலு பிரசாத் மீதான கால்நடைத் தீவன வழக்கில் செப்டம்பர் 30 அன்று தீர்ப்பு வரவிருந்தது. எதிர்க்கட்சியான பாரதிய ஜனதா குடியரசுத் தலைவரைச் சந்தித்து எதிர்ப்புத் தெரிவித்தது. செப்டம்பர் 27 அன்று ராகுல் காந்தி, தன் கட்சி அரசின் அவசரச் சட்டத்தையே கிழித்தெறிய வேண்டியது என்று பத்திரிகையாளர்கள் முன்னிலையில் சொன்னார். அக்டோபர் 2 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. மசூதும் லாலுவும் பதவி இழந்தனர். 1996இல் தொடங்கிய லாலு மீதான வழக்கு, தீர்ப்புக்கு வர 17 ஆண்டுகள் ஆகியிருந்தது. இடையில் லாலு ஐந்தாண்டு ரயில்வே அமைச்சராக இருந்து முடித்துவிட்டார் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

தமிழ்நாட்டில் இதன் தாக்கம் 2014 செப்டம்பர் 27 அன்று வந்தது. சொத்துக்குவிப்பு வழக்கில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தபோது, பதவியில் இருக்கும்போதே தீர்ப்பினால் தகுதியிழந்த முதல் முதலமைச்சர் அவர் ஆனார். 1996இல் பதிவான அந்த வழக்கு நேர்மையாக நடக்க வேண்டும் என்பதற்காக 2003இல் உச்ச நீதிமன்றம் அதைக் கர்நாடகத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்த பிறகும் ஸ்ரீரங்கம் தொகுதி காலி என்று தமிழக அரசிதழில் அறிவிக்கப்பட ஆறு வாரங்கள் ஆயின. அரசியலமைப்பின்படி அந்த இடம் தீர்ப்பு நாளிலேயே காலியாகிவிட்டது. அதைக் காகிதத்தில் எழுத மட்டும் அவ்வளவு காலம் தேவைப்பட்டது.

2013இல் நாடாளுமன்றத்திடமிருந்து பறிக்கப்பட்ட தேதி, இவ்வாறு அவைத் தலைவர்களின் செயலகங்களுக்கு இடம் மாறியது. சட்டத்தில் எழுதப்பட்டிருந்த இரட்டை அளவுகோல், எழுதப்படாத அலுவலக வேகத்தில் மறுபிறவி எடுத்தது எனலாம். உத்தரப் பிரதேசத்தில் 2022 அக்டோபர் 11 அன்று, முசாபர்நகர் கலவரம் தொடர்பான வழக்கில் பாரதிய ஜனதாவின் கதௌலி தொகுதி உறுப்பினர் விக்ரம் சைனிக்கு இரண்டு ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அக்டோபர் 27 அன்று, வெறுப்புப் பேச்சு வழக்கில் சமாஜ்வாதி கட்சியின் ராம்பூர் உறுப்பினர் ஆசம் கானுக்கு மூன்று ஆண்டு விதிக்கப்பட்டது. பின்னவரின் தொகுதி மறுநாளே காலி என்று அறிவிக்கப்பட்டது. அதற்குப் பதினாறு நாள் முன்பே தண்டிக்கப்பட்டவரின் தொகுதி, ராஷ்ட்ரிய லோக் தளத் தலைவர் ஜெயந்த் சௌத்ரி பேரவைத் தலைவருக்குக் கடிதம் எழுதிக் கேட்ட பிறகு, நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டது. இரண்டு இடங்களுக்கும் டிசம்பரில் இடைத்தேர்தல் நடந்து, ராம்பூரை பாரதிய ஜனதா வென்றது. 2023 மே மாதம் மேல்முறையீட்டில் ஆசம் கான் அந்த வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். தொகுதி திரும்பவில்லை, திரும்ப வழியும் இல்லை. 2005இல் அரசியல் சாசன அமர்வு அஞ்சியது இதைத்தான்.

பறிக்கும் வேகமும் திருப்பித் தரும் வேகமும் ஒன்றாக இல்லை என்பதற்கு லட்சத்தீவு சான்று. அத்தொகுதியின் தேசியவாதக் காங்கிரஸ் மக்களவை உறுப்பினர் முகமது ஃபைசலுக்குக் கொலை முயற்சி வழக்கில் 2023 ஜனவரி 11 அன்று பத்தாண்டு சிறை விதிக்கப்பட்டது. ஜனவரி 13 அன்று தகுதியிழப்பு அறிவிப்பு வந்தது. ஜனவரி 18 அன்று இடைத்தேர்தல் தேதியே அறிவிக்கப்பட்டுவிட்டது. ஜனவரி 25 அன்று கேரள உயர் நீதிமன்றம் குற்றத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அவ்வாறு நிறுத்திவைக்கப்பட்டால் தகுதியிழப்பு மறைந்துவிடும் என்பது 2018ஆம் ஆண்டிலேயே லோக் பிரஹரி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த நிலை. ஆயினும் மக்களவைச் செயலகம் உறுப்பினர் பதவியைத் திருப்பித் தந்தது மார்ச் 29 அன்று, அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்த நாளில். எடுப்பதற்கு இரண்டு நாள், கொடுப்பதற்கு இரண்டு மாதம். அதே மார்ச்சில் சூரத் நீதிமன்றம் அவதூறு வழக்கில் ராகுல் காந்திக்கு, தகுதியிழப்புக்கு வேண்டிய எல்லைக்கு ஒரு நாளும் குறையாமல், இரண்டு ஆண்டு விதித்தது. 23ஆம் தேதி தீர்ப்பு, 24ஆம் தேதி அறிவிப்பு. ஆகஸ்ட் 4 அன்று அத்தீர்ப்பை நிறுத்திவைத்த உச்ச நீதிமன்றம், அதிகபட்ச தண்டனைக்கு விசாரணை நீதிமன்றம் காரணம் கூறவில்லை என்பதைச் சுட்டிக்காட்டியது.

காலத்தைப் பின்னோக்கியும் இழுக்க முடியும் என்பதே இந்த வரலாற்றின் மிகக் கனமான பகுதி. அரசியல் கட்சிகள் வெளிநாட்டிலிருந்து நன்கொடை பெறுவதை 1976ஆம் ஆண்டின் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் தடை செய்தது; 2010ஆம் ஆண்டின் புதிய சட்டமும் அத்தடையைத் தொடர்ந்தது. பிரிட்டனில் பதிவான வேதாந்தாவின் இந்தியத் துணை நிறுவனங்களான ஸ்டெர்லைட்டும் சீசாவும் அளித்த நன்கொடையைப் பெற்றதன்மூலம் காங்கிரஸும் பாரதிய ஜனதாவும் இந்தச் சட்டத்தை மீறியிருப்பதாக 2014 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் கண்டு, ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசுக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் ஆணையிட்டது.  எல்லாவற்றிலும் எதிரெதிராக நின்ற இரு கட்சிகளும் இந்த ஒன்றில் மட்டும் உச்ச நீதிமன்றத்தில் ஒரே பக்கம் நின்று மேல்முறையீடு செய்தன.

பின்னர் நடந்தது தண்டனையும் அல்ல, விடுதலையும் அல்ல. 2016ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், வெளிநாட்டு மூலம் என்பதன் வரையறையை மாற்றி, அன்னிய முதலீட்டு வரம்புக்குள் இருக்கும் நிறுவனம் வெளிநாட்டு நிறுவனமாகாது என்று எழுதி, அந்த மாற்றத்தை 2010 செப்டம்பர் 26 முதல் செல்லுமாறு முன்தேதியிட்டது. ஆனால் வழக்கில் இருந்த நன்கொடைகளோ 1976ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தவை. இந்த இடைவெளி தெரியவந்தபின், 2018ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அதே வரியில் 2010 என்ற தேதியை எடுத்துவிட்டு 1976 ஆகஸ்ட் 5 என்று பதிந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுக் காலத் தவறுகள் ஒரு தேதி மாற்றத்தில் தவறுகளாகவே இல்லாமற் போயின. வரவு செலவுத் திட்டத்தோடு சேர்ந்த நிதி மசோதாவுக்குள் வைக்கப்பட்டதால், மாநிலங்களவைக்கு இதைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. மக்களவையிலோ 2018 மார்ச் 14 அன்று, விவாதத்தை மூடி மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடும் ‘கில்லட்டின்’ முறையில் விவாதமின்றியே நிறைவேறியது.

அதே வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் தன்னார்வ அமைப்புகள் எவ்வாறு நடத்தப்பட்டன என்பதை இதனுடன் ஒப்பிட வேண்டும். 2020ஆம் ஆண்டின் திருத்தம், வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. ஓர் அமைப்பு மற்றோர் அமைப்புக்கு நிதியைப் பகிர்வதை முற்றாகத் தடுத்தது. அந்த நிதியைப் பெறுவதற்கென்று டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்குத் தொடங்குவதைக் கட்டாயமாக்கியது. தென்காசிப் பக்கத்தில் தொழுநோய் மையம் நடத்தும் அமைப்பும் இதற்குக் கட்டுப்பட்டதே. அத்தகைய அமைப்பின் பழைய பிழையைப் பொறுக்க எந்த நிதிச் சட்டமும் 1976க்குத் திரும்பிச் சென்றதில்லை.

நாட்காட்டியைக் கையாளும் இன்னொரு வழி, வழக்கு தீர்ப்பு நாளையே எட்டாதபடி செய்வது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவு, நீதிமன்ற இசைவுடன் வழக்கைத் திரும்பப் பெற அரசு வழக்கறிஞருக்கு அதிகாரம் அளித்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் ஆளுங்கட்சியினர் மீதான வழக்குகள் மாநிலந்தோறும் இவ்வழியே கரைந்துவந்தன. கேரளத்தில் 2015 மார்ச் 13 அன்று, மதுக்கூட லஞ்சக் குற்றச்சாட்டுக்கு உள்ளாகியிருந்த நிதியமைச்சர் கே.எம். மாணி வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கவிடாமல் தடுக்க, அன்றைய எதிர்க்கட்சியான இடதுசாரி உறுப்பினர்கள் பேரவைத் தலைவரின் மேடையேறி நாற்காலியையும் கணினியையும் ஒலிவாங்கிகளையும் உடைத்தனர்; சேத மதிப்பு 2,20,093 ரூபாய் என்று வழக்குப் பதிவாயிற்று. ஆட்சிக்கு வந்தபின் அதே கூட்டணி, அவைக்குள் நடந்தது உறுப்பினர்களின் சிறப்புரிமைக்கு உட்பட்டது என்று கூறி வழக்கைத் திரும்பப் பெற முயன்றது. 2021 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் அதை மறுத்தபோது, குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான வி. சிவன்குட்டி மாநிலத்தின் கல்வியமைச்சராக இருந்தார். ஊழலை எதிர்த்து நடந்த போராட்டம் என்ற காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பேருந்துக் கண்ணாடியை உடைத்த ஒரு மாணவனுக்கு எந்த அரசும் அந்தக் காரணத்தை ஏற்றுக்கொள்வதில்லை. அடுத்த மாதமே, உறுப்பினர்கள் மீதான எந்த வழக்கையும் உயர் நீதிமன்றத்தின் அனுமதியின்றித் திரும்பப் பெறக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் முன்வைக்கப்பட்டு நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்ட அரசியலமைப்பின் 130ஆவது திருத்த மசோதா, இந்த வரலாற்றின் தொடர்ச்சி. ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் தொடர்ந்து முப்பது நாள் காவலில் இருக்கும் பிரதமரோ முதலமைச்சரோ அமைச்சரோ 31ஆம் நாள் பதவி இழக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கான சூழலை உருவாக்கியதில் எதிர்க்கட்சிகளுக்கும் பங்கு உண்டு: தமிழ்நாட்டில் செந்தில் பாலாஜி 2023 ஜூன் முதல் ஏறத்தாழ எட்டு மாதம் சிறையிலிருந்தபடி துறையில்லாத அமைச்சராகத் தொடர்ந்ததும், அரவிந்த் கெஜ்ரிவால் சிறையிலிருந்து டெல்லி முதலமைச்சராக நீடித்ததும் எந்த அறத்தாலும் நியாயப்படுத்த முடியாதவை. 48 மணி நேரத்தில் எழுத்தரை விலக்கும் நாட்டில், அமைச்சருக்கு முப்பது நாள் என்பது கடுமையும் அன்று. ஆயினும் இந்த மசோதா, பதவியிழப்பின் தேதியைத் தீர்ப்பு நாளிலிருந்து கைது நாளுக்கு முன்னிழுக்கிறது. கைது நாளை முடிவு செய்யும் அமலாக்கத் துறையும் மத்தியப் புலனாய்வுத் துறையும் மத்திய அரசின் கீழ் இயங்குகின்றன. பிணை கிடைப்பது மிக அரிதாக்கப்பட்ட பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் முப்பது நாள் கழிவது மிக எளிது. பிரதமரும் இதற்கு உட்பட்டவரே என்று மசோதாவில் எழுதப்பட்டிருக்கிறது. அவரைக் கைது செய்ய வேண்டிய அமைப்புகள் அவர் அரசுக்கே பதில் சொல்பவை.

அரசியலமைப்பைத் திருத்தும் அளவுக்கு அக்கறை உள்ள ஓர் அரசு, அதைவிட எளிய வேலை ஒன்றைச் செய்திருக்க முடியும். தகுதியிழப்பு அறிவிப்பு எத்தனை நாளில் வர வேண்டும் என்றோ, தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டால் பதவி எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்றோ, நிறுத்திவைப்பு மனு முடிவாகும்வரை இடைத்தேர்தல் அறிவிப்பை ஒத்திவைக்க வேண்டும் என்றோ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இன்றுவரை ஒரு வரிகூட இல்லை. அவற்றைச் சேர்க்க மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவையில்லை. சாதாரணப் பெரும்பான்மையே போதும். 2013க்குப் பிறகு மத்தியில் ஆண்ட எந்த அரசும் அப்படியொரு மசோதாவைக் கொண்டுவரவில்லை.